நீர் மறவாத வழி

நுழையும்முன்

வானம் பொழிவது இயற்கை. பொழிந்த நீருக்கு வழிவிடுவது மனிதர் கடமை. அக்கடமை தவறும் இடத்தில் மழை வெள்ளமாக உருவெடுக்கிறது. வெள்ளம் வடிந்த சில ஆண்டுகளிலேயே அதே நிலம் ஒரு குடம் நீருக்கு ஏங்குகிறது. கோயில்களுக்கும் பட்டுக்கும் புகழ்பெற்ற காஞ்சிபுரம், ஏரிகளாலும் புகழ்பெற்றது. வெள்ளத்தையும் வறட்சியையும் ஒருசேரக் கண்ட அம்மண்ணின் பட்டறிவைக் கொண்டு, இயற்கைப் பேரிடர்களின் காரணங்களையும் விளைவுகளையும் விளக்குகிறது இப்பாடம்.

தறிக்குழியில் ஊறும் நீர்

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் குடியிருப்புகளில் பொழுது புலரும்போதே பணி தொடங்கிவிடும். பட்டு இழைகளைத் தெருவின் நீளத்திற்கு நீட்டிக் கட்டி, சிக்கெடுத்து, கஞ்சியிட்டு உலர்த்துவர். இதுவே பாவு. பின்னர் அப்பாவு வீட்டினுள் உள்ள தறியில் ஏறும். தரையில் தோண்டிய குழியினுள் கால்களை இறக்கி அமர்ந்து, மிதிகளை மாறி மாறி அழுத்தி நெய்வதால் அதற்குக் குழித்தறி என்று பெயர்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்தால் இந்தக் குழிதான் முதலில் நனைகிறது. தெருவில் தேங்கிய நீர் வாசற்படியைத் தாண்டும் முன்னரே, நிலத்தடியில் நீர் உயர்ந்து குழியின் அடியில் ஊறத் தொடங்கிவிடும். பாவை உலர்த்த வெயில் இராது, ஈரக்காற்றில் இழையின் பதம் மாறும், தறி நின்றுவிடும். நெய்து முடித்த சேலைக்கே கூலி என்பதால், தறி நின்ற நாள் வருவாய் நின்ற நாளாகும்.

தறிக்குழியில் ஊறும் ஒரு சாண் நீர் நாளேட்டில் செய்தியாவதில்லை. ஆயினும் பேரிடர் குறித்த முதல் பாடம் அங்கேதான் இருக்கிறது. அதே நாளில், அதே அளவில் பெய்த மழை, மேட்டு நிலத்து மாடிவீட்டிற்குக் குளிர்ச்சியான ஒரு பொழுது. தாழ்வான தெருவில் உள்ள குழித்தறிக்கோ வாழ்வாதார இழப்பு. மழை ஒன்றே, விளைவுகள் வேறு. இவ்வேறுபாட்டிற்கான காரணத்தை அறிவதே பேரிடரை அறிவதாகும்.

இடரும் பேரிடரும்

நிலநடுக்கம், ஆழிப்பேரலை, எரிமலை வெடிப்பு ஆகியன நிலத்தின் உள்ளியக்கத்தால் தோன்றுபவை. புயல், பெருமழை, வெள்ளம், வறட்சி, வெப்ப அலை ஆகியன வளிமண்டலத்தின் இயக்கத்தால் தோன்றுபவை. இவற்றுள் சில நொடிப்பொழுதில் தாக்கும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுமத்ரா தீவை ஒட்டிய கடலடி நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, சில மணி நேரத்தில் தமிழகக் கடற்கரையை வந்தடைந்தது. சில மெல்ல மெல்லப் பற்றும். வறட்சி எந்த நாளில் தொடங்கியது என்று எவராலும் சுட்டிக்காட்ட இயலாது.

இவை யாவும் இயற்கை நிகழ்வுகள். மனிதர் வாழாத நடுக்கடலில் வீசும் புயல், பேரிடர் எனப்படுவதில்லை. ஓர் இடர் பேரிடராக மாறுவதற்கு மூன்று கூறுகள் ஒன்றுசேர வேண்டும். ஒன்று, இயற்கையின் சீற்றம். இரண்டு, அச்சீற்றத்தின் பாதையில் மக்களும் உடைமைகளும் இருத்தல். மூன்று, அதைத் தாங்கும் வலுவின்மை. முதற்கூற்றை மனிதரால் தடுத்து நிறுத்த இயலாது. மற்ற இரண்டும் பெரும்பாலும் மனிதர் கையில் உள்ளவை. இந்த உண்மையை விளங்கிக்கொள்ளக் காஞ்சிபுரம் தக்க சான்றாகும்.

மழை தரும் காற்று

தமிழ்நாட்டின் வடகடலோரப் பகுதி, தன் ஆண்டு மழையில் பாதிக்கும் மேற்பட்ட அளவை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெறுகிறது. செப்டம்பருக்குப் பின் ஆசிய நிலப்பரப்பு குளிரத் தொடங்க, காற்று வடகிழக்கிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அது வங்காள விரிகுடாவைக் கடக்கும்போது ஈரப்பதத்தை முகந்துகொண்டு தமிழகக் கரையை அடைகிறது. கடல்நீரின் மேற்பரப்பு வெப்பம் மிகுந்திருக்கும்போது காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்களும் புயல்களும் உருவாகி, சில நாள்களிலேயே பெரும் மழையைக் கொட்டிவிடுகின்றன.

ஆகவே, இப்பகுதியின் மழை ஆண்டு முழுவதும் சீராகப் பரவிப் பெய்வதன்று. சில வாரங்களில் குவிந்து பெய்வது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது தாங்கும் நீராவியின் அளவு ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடும். புவி வெப்பமாதலால் பெருமழைகள் மேலும் கடுமையாகின்றன என அறிவியலாளர் கூறுவதற்கு இதுவே அடிப்படை.

சில வாரங்களில் பெய்வதைக் கொண்டு ஆண்டு முழுவதும் வாழ வேண்டும் என்பதே இந்நிலத்தின் கட்டாயம். பெய்யும்போது மிகுதி, பெய்யாதபோது பற்றாக்குறை. இவ்விரண்டையும் ஒருங்கே எதிர்கொள்ள முன்னோர் கண்ட வழியே ஏரி.

ஆறுகளின் ஊர்

கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து தமிழ்நாட்டில் நுழைந்து, 348 கிலோமீட்டர் நடந்து வயலூர் அருகே கடலில் கலக்கிறது. அவ்வாற்றிற்கு வடக்கே அமைந்துள்ளது காஞ்சிபுரம். நகரை ஒட்டி ஓடும் வேகவதி ஆறும், தெற்கிலிருந்து வரும் செய்யாறும் பாலாற்றுடன் கூடும் இடம் திருமுக்கூடல் எனப்படுகிறது.

இவை ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் காட்சியளிப்பவை. எனினும் அவற்றின் சினத்தை இவ்வூர் அறிந்தே இருந்தது என்பதற்குக் கோயில் வரலாறுகள் சான்று பகர்கின்றன. பிரமன் இயற்றிய வேள்வியைக் கலைக்கக் கலைமகள் வேகவதியாகப் பெருக்கெடுத்து வந்தாள் என்றும், திருமால் அவ்வெள்ளத்தின் குறுக்கே அணையாகக் கிடந்தார் என்றும் திருவெஃகாக் கோயிலின் தலபுராணம் கூறுகிறது. மாமரத்தடியில் மணலால் இலிங்கம் அமைத்து வழிபட்ட உமையம்மை, கம்பையாற்று வெள்ளம் திரண்டு வந்தபோது அவ்விலிங்கத்தைத் தழுவிக் காத்தார் என்கிறது ஏகாம்பரநாதர் கோயிலின் தலபுராணம். சைவ, வைணவக் கோயில்கள் இரண்டின் கதைகளிலும் மையமாக நிற்பது ஆற்றுவெள்ளமே. விரைந்து பாய்வது என்னும் பொருள்படும் வேகவதி என்ற பெயரும் அதே நினைவைச் சுமக்கிறது.

வெள்ளத்தைப் போலவே வறட்சியையும் காஞ்சி மறக்கவில்லை. மழையின்றிப் பசியால் வாடிய காஞ்சி நகருக்கு மணிமேகலை வந்து, அமுதசுரபியால் மக்களின் பசி தீர்த்த செய்தியை மணிமேகலைக் காப்பியம் விரித்துரைக்கிறது.

ஏரி என்னும் சங்கிலி

பாலாற்றுப் படுகையின் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சிறிது சிறிதாகச் சரிகிறது. இச்சரிவின் குறுக்கே வளைந்த மண்கரை எழுப்பினால் மழைநீர் அங்கே தங்கும். ஓர் ஏரி நிறைந்ததும், மிகுநீர் கலங்கல் வழியே வழிந்து, கால்வாயில் இறங்கி, அடுத்த தாழ்நிலத்தின் ஏரியை அடையும். அது நிறைந்து மற்றொன்றிற்குச் செல்லும். இவ்வாறு கண்ணியோடு கண்ணி கோத்த சங்கிலியாக ஏரிகள் அமைந்தன.

இவ்வமைப்பு இரு பயன்களை ஒருங்கே அளித்தது. பெருமழைக் காலத்தில், ஒரே நேரத்தில் ஆற்றில் பாயவேண்டிய நீரைப் பல ஏரிகள் பகிர்ந்து தாங்கி, வெள்ளத்தின் வேகத்தைத் தணித்தன. மழையற்ற காலத்தில், தேக்கிய நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்ந்தது. நிலத்தினுள் கசிந்து கிணறுகளில் ஊறியது. வெள்ளத்தைத் தடுத்ததும் வறட்சியைத் தணித்ததும் ஒரே கரைதான்.

பல்லவர் காலத்தில் இக்கலை பெருவளர்ச்சி கண்டது. மகேந்திரவாடியில் மகேந்திர தடாகமும், காஞ்சியை அடுத்த கூரத்தில் பரமேசுவர தடாகமும், உத்திரமேரூரில் வயிரமேக தடாகமும் மன்னர்தம் பெயர்களால் அமைந்தன. பரமேசுவர தடாகத்திற்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வழியே நீர் கொணர்ந்ததைக் கூரம் செப்பேடு குறிப்பிடுகிறது.

ஏரியை வெட்டுவதினும் அதைப் பேணுவது அரிது. உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதிகளைக் கூறுகின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். அதன் உறுப்பினர் அறுவர். வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர், மீண்டும் குடவோலைக்குப் பெயர் எழுதப்பெறும் தகுதியை இழந்தனர். நீரைப் பேணுவது ஊர்ப்பொறுப்பு என்பதும், அப்பொறுப்பு கணக்குக்கு உட்பட்டது என்பதும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் எழுதப்பட்டன.

தெரிந்து தெளிவோம்

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அங்கு விழும் நீரின் அளவு 10 கோடி லிட்டர். வினாடிக்கு ஒரு கன அடி என்பது வினாடிக்கு ஏறத்தாழ 28 லிட்டர்.

2015: நீர் திரும்பி வந்த நாள்

2015ஆம் ஆண்டு பசிபிக் பெருங்கடலில் வலிமையான எல் நினோ நிலவியது. அத்தகைய ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை மிகுவது உண்டு. அவ்வாண்டு நவம்பரில் சென்னையில் பெய்த மழை மட்டும் 100 சென்டிமீட்டரைக் கடந்தது. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஏரிகள் நிறைந்து வழிந்தன. மண் இனியும் நீரை உறிஞ்ச இயலாத நிலையை எட்டியது. அந்நிலையில் டிசம்பர் 1, 2 நாள்களில் மீண்டும் பெருமழை பெய்தது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலும் ஏறக்குறைய 49 கோடி லிட்டர் நீர் விழுந்தது என்பது இதன் பொருள்.

செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. முன்னரே ஏறத்தாழ நிறைந்திருந்த அவ்வேரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றில் அந்நீர் மட்டும் பாயவில்லை. ஆதனூர், மணிமங்கலம் பகுதிகளின் ஏரிகளிலிருந்து வழிந்த நீரும் அதனுடன் சேர்ந்தது. ஆற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராசபுரம் ஆகிய பகுதிகளில் வீடுகளின் கீழ்த்தளங்கள் மூழ்கின. சென்னை வானூர்தி நிலையம் பல நாள்கள் மூடப்பட்டது. அவ்வாண்டின் பருவமழைக் காலத்தில் தமிழகத்தில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

படைவீரர்களும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் களத்தில் இறங்கினர். மீனவர்கள் தம் படகுகளைத் தெருக்களுக்குக் கொண்டுவந்து மக்களை மீட்டனர். முன்பின் அறியாதோர் உணவுப் பொட்டலங்களைச் சுமந்து சென்றனர். பேரிடர் மனிதத்தின் உயரத்தையும் காட்டியது. எனினும், மீட்பில் காட்டிய அக்கறையை முன்னரே காப்பில் காட்டியிருந்தால் எத்தனை உயிர்கள் எஞ்சியிருக்கும் என்னும் வினாவை அது விட்டுச்சென்றது.

கண்ணிகள் அறுந்த கதை

பெருமழை வெள்ளத்திற்கு ஒரு காரணமே, முழுக்காரணம் அன்று. ஓர் ஏரியின் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும் கால்வாய்கள் பல இடங்களில் குறுகின. சில இடங்களில் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் அடியில் மறைந்தன. தூர்வாராமையால் ஏரிகளின் ஆழம் குறைந்தது. மண்தரை சிமெண்டுத் தரையாக மாறிய இடங்களில், நிலத்தினுள் இறங்கவேண்டிய நீர் மேற்பரப்பிலேயே ஓடியது. ஏரியின் நீர் பரவும் தாழ்நிலங்கள் கோடையில் வெற்றிடமாகத் தோன்றியதால், அவை மனைகளாயின.

இவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. ஏரிநீரால் பயிர் செய்த உழவர்களே அதன் காவலர்களாகவும் இருந்தனர். கரை கசிந்தால் இரவோடு இரவாக மண்வெட்டியுடன் ஓடியவர்கள் அவர்கள். குடிமராமத்து என்பது அக்கூட்டுழைப்பின் பெயர். ஆயக்கட்டு நிலங்கள் குடியிருப்புகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறியபின், ஏரிக்குப் பயனாளரும் இல்லை, காவலரும் இல்லை. பயன்பாடு அற்ற நீர்நிலை, ஊரின் நினைவிலிருந்தும் அகன்றுவிடுகிறது. ஆனால் நீர் தன் வழியை மறப்பதில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு பெருமழை நாளில், முன்பு ஏரியாக இருந்த இடத்தைத் தேடி அது வந்து சேர்கிறது.

சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் அதன் விளைவு நெடுந்தொலைவு செல்லும் என்பதற்குப் பாலாற்றிலேயே பழைய சான்று உண்டு. 1903ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையில், ஆற்றின் மேற்பகுதியில் கோலார் வட்டாரத்துப் பேத்தமங்கலம் ஏரி உடைந்தது. அதன் வெள்ளமும் சேர்ந்து பாய்ந்ததில் கீழே இருந்த வாணியம்பாடி நகரம் பேரழிவுக்கு உள்ளானது. 2021ஆம் ஆண்டு நவம்பரிலும், பல பத்தாண்டுகளாகக் காணாத வெள்ளம் பாலாற்றில் பெருகி ஓடியது. வறண்ட ஆறு இறந்த ஆறு அன்று என்பதை அது மீண்டும் உணர்த்திற்று.

2019: அதே நிலம், வேறு துயரம்

2015க்குப் பின் நான்கு ஆண்டுகளே கடந்தன. 2019ஆம் ஆண்டு கோடையில் செம்பரம்பாக்கம் உள்ளிட்ட சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டன. வெள்ளம் திறந்துவிடப்பட்ட அதே ஏரியின் தரை வெடித்துக் கிடந்தது. ஜூலை 12ஆம் நாள், சோலையார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிநீரைச் சுமந்துகொண்டு முதல் தொடர்வண்டி சென்னை வில்லிவாக்கத்தை அடைந்தது.

அந்நாள்களில் காஞ்சிபுரம் மக்கள் வெள்ளத்தில் திளைத்துக்கொண்டிருந்தது. வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசுக் குளத்தினுள் நீரில் வைக்கப்பட்டிருக்கும் அத்திவரதரின் திருவுருவம், நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுக்கப்பட்டு 48 நாள்கள் காட்சிக்கு வைக்கப்படுகிறது. 1979க்குப் பின் அத்திருவிழா நிகழ்ந்தது 2019இல்தான். ஒரு மரத்திருமேனியை நீரே தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்திருக்கிறது என்னும் வியப்பைக் காண இலட்சக்கணக்கானோர் திரண்டனர். அதே கோடையில், சிறிது தொலைவில், குடிநீரைத் தொடர்வண்டியில் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஒரு சிறு கணக்கு இந்நிலையை விளக்கும். வினாடிக்கு 29,000 கன அடி என்பது வினாடிக்கு ஏறத்தாழ 8 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். 2019இல் மாநகரம் காத்திருந்து பெற்ற அந்த முதல் தொடர்வண்டியின் நீர் முழுவதும், 2015இல் செம்பரம்பாக்கத்தின் மதகுகள் வழியே ஏறக்குறைய மூன்றே வினாடிகளில் கடலை நோக்கிச் சென்ற நீருக்கு ஈடு.

ஆகவே வெள்ளமும் வறட்சியும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு பேரிடர்கள் அல்ல. ஒரே நீரைத் தாங்கவும் தேக்கவும் தவறியதன் இரு முகங்களே அவை.

விளைவுகள்

பேரிடரின் இழப்புகளை உயிரிழப்பு, உடைமை இழப்பு என்னும் இரு சொற்களில் அடக்கிவிட முடியாது. வெள்ளம் வடிந்தபின் அசுத்த நீரால் வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சல் போன்ற நோய்கள் பரவுகின்றன. தேங்கிய நன்னீரில் பெருகும் கொசுக்கள் டெங்குக் காய்ச்சலைக் கொண்டுவருகின்றன. கதிர் முற்றிய நெல் வயலிலேயே சாய்ந்து முளைத்துவிடுகிறது. கால்நடைகளுக்குத் தீவனம் கிடைப்பதில்லை. குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ், நிலப்பத்திரம் ஆகியவை நனைந்து அழிந்தால், அவற்றை மீண்டும் பெறுவதற்குள் மாதங்கள் கழிகின்றன. நூல்கள் நனைந்த மாணவருக்கு அவ்வாண்டுத் தேர்வே இடராகிறது.

இழப்பு எல்லோர்க்கும் சமமானதன்று. மாத ஊதியம் பெறுவோர் ஒரு வாரத் தடங்கலைத் தாங்கிக்கொள்வர். நாள்கூலி பெறுவோரும் தறியை நம்பி வாழ்வோரும் கடன் வாங்க நேர்கிறது. அக்கடன் வெள்ளம் வடிந்த பின்னும் வடிவதில்லை. ஆற்றங்கரையில் குடிசை அமைத்து வாழ்வோர் விரும்பி அங்குச் செல்லவில்லை. வேறிடம் கிடைக்காமையால் சென்றவர்கள். ஆக்கிரமிப்பு அகற்றல் என்பது நீர்நிலைக்கு நீதி வழங்குவதாக இருக்க வேண்டும். அதே வேளையில், எளியோருக்குத் தொழிலுக்கு அண்மையிலேயே பாதுகாப்பான உறைவிடம் அளிப்பதாகவும் இருக்க வேண்டும். பெரிய கட்டடத்திற்கும் சிறிய குடிசைக்கும் ஒரே அளவுகோல் இருந்தால்தான் அந்நீதி முழுமை பெறும்.

காக்கும் வழிகள்

பேரிடர் மேலாண்மை என்பது மீட்புப்பணி மட்டும் அன்று. தடுத்தல், ஆயத்தமாதல், மீட்டல், மறுவாழ்வளித்தல் என்னும் நான்கும் சேர்ந்ததே மேலாண்மை. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் இந்தியாவில் 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. தேசிய, மாநில, மாவட்ட அளவில் மேலாண்மை ஆணையங்கள் அமைந்தன. மாவட்ட ஆணையத்திற்கு மாவட்ட ஆட்சியர் தலைமை ஏற்கிறார். ஏரிகளைக் காப்பதற்காகத் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டு தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2017இல் குடிமராமத்து முறைக்கு அரசுத் திட்டம் வாயிலாக மீண்டும் உயிரூட்டப்பட்டது.

சட்டமும் திட்டமும் பயன்தர, நீர்வழியைச் சங்கிலியாகவே நோக்க வேண்டும். ஓர் ஏரியைத் தூர்வாரி, அதற்கு நீர் வரும் கால்வாயை மறந்தால், ஆழமான வெற்றுப்பள்ளமே எஞ்சும். கரையை உயர்த்தி, கலங்கலுக்குக் கீழுள்ள போக்குக்காலை அடைத்தால், அக்கரையே ஊருக்குக் கேடாகும். கோடைக்காக ஏரியை நிரப்பி வைப்பதா, வரவிருக்கும் மழைக்காக இடம் விட்டு வைப்பதா என்பது நீர் மேலாண்மையில் கடினமான வினா. அதற்கு விடைகாண, துல்லியமான வானிலை முன்னறிவிப்பும், அதற்கேற்ப முன்கூட்டியே சிறிது சிறிதாக நீரைத் திறக்கும் ஒழுங்கும், கரையோர மக்களுக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கையும் இன்றியமையாதவை.

தனிமனிதரின் பங்கும் சிறிதன்று. மழைக்காலத்திற்கு முன் வடிகால்களில் குப்பை சேராமல் காத்தல், மழைநீர் சேகரிப்புத் தொட்டியைத் தூய்மைப்படுத்துதல், முதன்மையான ஆவணங்களை நீர்புகா உறையில் வைத்தல், குடிநீர், மருந்து, கைவிளக்கு ஆகியவற்றை ஆயத்தமாக வைத்தல் ஆகியன ஒவ்வொரு வீட்டிற்கும் உரியவை. எச்சரிக்கை கிடைத்தவுடன் முதியோரையும் குழந்தைகளையும் முதலில் மேட்டுப்பகுதிக்கு அனுப்ப வேண்டும். ஓடும் வெள்ளத்தில் நடப்பதையும், அறுந்து கிடக்கும் மின்கம்பிகளை அணுகுவதையும் தவிர்க்க வேண்டும். மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும் தொடர்புகொள்ளலாம். உறுதிசெய்யப்படாத செய்திகளைப் பரப்பாதிருப்பதும் ஒரு மீட்புப்பணியே.

அறுந்த இழையை முடிதல்

காஞ்சிபுரத்துத் தறியில் பாவு ஓடும்போது ஓர் இழை அறுந்தால், நெசவாளர் தறியை நிறுத்திவிடுவார். ஆயிரக்கணக்கான இழைகளுக்கு இடையே அறுந்த ஒன்றைத் தேடி, அதன் இரு முனைகளையும் இணைத்து முடிந்த பின்னரே மீண்டும் மிதியை அழுத்துவார். ஓர் இழைதானே என விட்டுவிட்டால், நெய்து முடிந்த சேலையில் அக்குறை நெடுகத் தெரியும் என்பதை அவர் அறிவார்.

ஏரிகளும் கால்வாய்களும் ஆறுகளும் ஒரு நிலத்தின் பாவு இழைகள். அவற்றுள் ஒன்று அறுந்தாலும் ஊரின் வாழ்வில் அக்குறை தெரியும். ஓர் ஆண்டில் வெள்ளமாக, மற்றோர் ஆண்டில் வறட்சியாக. மழையை நிறுத்த எவராலும் இயலாது. அறுந்த இழை எங்கே என்று தேடவும், அதை முடியவும் இயலும். அத்தேடல் தொலைவில் தொடங்க வேண்டியதில்லை. தான் வாழும் தெருவில் விழும் மழைநீர் எந்தக் கால்வாய் வழியே எந்த ஏரியை அடைகிறது என்பதை ஒவ்வொரு மாணவரும் அறிந்துகொள்ளும் நாளில் அது தொடங்கிவிடும்.

சொல்லும் பொருளும்

ஆயக்கட்டு – ஏரிநீரால் பாசனம் பெறும் நிலப்பரப்பு
கலங்கல் – ஏரி நிறைந்ததும் மிகுநீர் வழிந்து வெளியேறும் அமைப்பு
மதகு – தேக்கிய நீரைத் திறந்துவிடும் கதவுடைய அமைப்பு
போக்குக்கால் – மிகுநீரைக் கொண்டுசெல்லும் கால்வாய்
குடிமராமத்து – ஊர்மக்கள் கூடி நீர்நிலைகளைச் செப்பனிடும் முறை
தடாகம் – ஏரி, குளம்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள ஏரி அல்லது குளத்திற்கு நீர் வரும் வழியையும் வெளியேறும் வழியையும் நேரில் கண்டு, வரைபடம் வரைந்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.
2. உங்கள் பகுதியில் நிகழ்ந்த வெள்ளம் அல்லது வறட்சி குறித்து முதியோர் ஒருவரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.
3. உங்கள் பகுதியின் முதன்மைத் தொழிலைப் பெருமழை எவ்வாறு பாதிக்கிறது என்பது குறித்துக் கலந்துரையாடுக.

நம்மை அளவிடுவோம்

பலவுள் தெரிக

1. பாலாறு, வேகவதி, செய்யாறு ஆகிய மூன்றும் கூடும் இடம்
அ) வயலூர்   ஆ) திருமுக்கூடல்   இ) கூரம்   ஈ) உத்திரமேரூர்

2. பரமேசுவர தடாகத்திற்கு நீர் கொணர்ந்த கால்வாய்
அ) வயிரமேகம்   ஆ) கம்பை   இ) பெரும்பிடுகு   ஈ) அனந்தசரசு

3. உத்திரமேரூர் ஏரி வாரிய உறுப்பினர்களின் எண்ணிக்கை
அ) ஆறு   ஆ) பத்து   இ) பன்னிரண்டு   ஈ) முப்பது

குறுவினா

1. இடர் பேரிடராக மாறுவதற்குரிய மூன்று கூறுகள் யாவை?
2. குழித்தறி நெசவாளரைப் பெருமழை எவ்வாறு பாதிக்கிறது?

சிறுவினா

1. ஏரிச் சங்கிலி செயற்படும் முறையை விளக்குக.
2. காஞ்சியின் தலபுராணங்களில் வெள்ளம் பற்றிய நினைவுகள் இடம்பெறுமாற்றை எடுத்துரைக்க.

நெடுவினா

1. ‘வெள்ளமும் வறட்சியும் ஒரே தவறின் இரு முகங்கள்’ – 2015, 2019ஆம் ஆண்டு நிகழ்வுகளைச் சான்றாகக் கொண்டு இக்கூற்றை நிறுவுக.